பெருமுக்கலில் பிரேக் பேட் மாற்றிய நேரத்தில் மரக்காணத்தில் பெய்த மழை

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மரக்காணம் போனேன். சும்மா சுற்றிப் பார்க்கத்தான் கிளம்பினேன், ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. என் சித்தி மகன் மூர்த்தி அங்கே நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறான். அந்தப் பருவத்து உப்பு மொத்தமும் வரப்பு மேல் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது, லாரி வருவது திங்கட்கிழமை. அதற்குள் மழை வரும் என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். அம்பாரத்தை மூட வைத்திருந்த பழைய ஓலையெல்லாம் மக்கிப்போயிருந்தது. திண்டிவனத்தில் ஐந்து தார்ப்பாய் சொல்லி வைத்திருந்தான். அவனுடைய பிக்கப் வண்டியும் அங்கேதான் நின்றது, சொந்தக்காரர் ஒருவர் வீடு மாற்ற வாங்கிப் போயிருந்தார். அந்த வழியாகத்தானே வருகிறேன், ரெண்டையும் நானே கொண்டு வந்துவிடுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை பஸ் ஏறி ஒன்பது மணிக்குத் திண்டிவனம். தார்ப்பாய்களை ஏற்றிவிட்டு மூர்த்திக்குப் போன் போட்டேன். எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கும்போது, "வண்டி கொஞ்சம் பிரேக் பிடிக்குதுண்ணா, பாத்து வாங்க" என்றான்.

பிரேக் பிடிக்கவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும், பிடிக்கிறது என்றால் நல்லதுதானே? ஷார்ப்பாகப் பிடிக்கும் போலிருக்கிறது, மெதுவாக மிதிப்போம் என்று எடுத்துக்கொண்டேன். வண்டிக்காரர்கள் பேச்சில் அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் கவ்விக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். கார் ஓட்டத் தெரியும் என்கிற தெனாவெட்டில் நான் திருப்பிக்கூடக் கேட்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம் போதும். வழியில் கருகல் வாசனை வந்தது. வயலில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன் (சிரிக்காதீர்கள்). பெருமுக்கல் மலை தெரிகிற இடத்தில் முன் இடது வீலிலிருந்து புகை. வண்டியை ஓரங்கட்டினேன்.

நல்லவேளையாகப் பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் ஏழுமலை கலகலப்பான ஆள். தண்ணீர் பாட்டிலோடு ஓடிய என்னைத் தடுத்து, சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் வெடித்துவிடும், ஆறட்டும் சார் என்றார். ஆறியதும் வீலைக் கழற்றினார். பிரேக் போடும்போது பேட் இரண்டும் டிஸ்கை இரண்டு பக்கமும் அழுத்தும், காலை எடுத்தால் விலகிவிடும். அப்படி நகர்வதற்கு இரண்டு இரும்புப் பின் உண்டு. உப்பு லோடு அடித்தே அந்தப் பின்கள் துருவேறி இறுகியிருந்தன. வெளிப் பேட் பாதி மிச்சம், உள் பேட் தேய்ந்து இரும்புத் தகடே தெரிந்தது.

புதுப் பேட் திண்டிவனத்திலிருந்து வர வேண்டும். ஏழுமலை கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் மரக்காணம் பஸ் கண்டக்டரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டரைக்கு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே நீட்டினார், ஓடிப் போய் வாங்கிக்கொண்டேன். பஸ் போய்விட்டது. என்ன ஒரு வசதி, இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று அந்தப் பொட்டலத்தைப் படம்கூட எடுத்தேன்.

முன் வீல் இரண்டுக்கும் சேர்த்து மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்குமாம். பின்களை எமரித் தாள் போட்டுத் தேய்த்து கிரீஸ் தடவினார். கூலியோடு ரூ.2,400. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் மூர்த்தி கூப்பிட்டு, கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது என்றான். இதோ, வீலை மாட்டினால் கிளம்பிவிடுவேன் என்றேன்.

மரக்காணத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, கொட்டித் தீர்த்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மூர்த்தியும் அவன் மனைவி கலாவும் உரச்சாக்கு, போர்வை, கலாவின் புடவை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அம்பாரத்தின் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருமாகத் தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். அதற்குள் பாதிக்கு மேல் கரைந்து போய்விட்டது, மிச்சம் சேறும் உப்புமாகக் கிடந்தது. வெள்ளைத் தண்ணீர் வரப்பு வழியாக ஓடுவதை மூர்த்தி பார்த்துக்கொண்டே நின்றான். ஜனவரியிலிருந்து இரண்டு பேரும் வெயிலில் காய்ந்து சேர்த்த உப்பு.

கொட்டகையில் ஒதுங்கி, நடந்ததையெல்லாம் சொன்னேன். கலா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த பேட் எதுல வந்துச்சு மாமா?"

"பஸ்லதான்மா. கண்டக்டர் கிட்ட குடுத்து விட்டாங்க."

"எந்த பஸ்ஸு?"

"மரக்காணம் பஸ்" என்று சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து தார்ப்பாய். ஆறேழு பேர் இருந்த பஸ். டிக்கெட் காசு கொடுத்துக் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டிருந்தால், மழைக்கு முன்பே அம்பாரத்தின் மேல் இருந்திருக்கும். மூர்த்தி எழுந்து வெளியே போய்விட்டான்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: உப்பளப் பாதையில் ஓடிய வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரேக் பேட்களைக் கழற்றிப் பின்னுக்கு கிரீஸ் வையுங்கள். கருகல் வாசனை வந்தால் கண்ணாடியை ஏற்றாமல் வண்டியை ஓரங்கட்டுங்கள். யாராவது பிரேக் பிடிக்குது என்றால், எப்படிப் பிடிக்குது என்று கேளுங்கள். வண்டி நின்றுவிட்டால் முதலில் சரக்கை அனுப்புங்கள், ரிப்பேர் அப்புறம்.

நேற்று மூர்த்தியிடம் பேசினேன். இப்போது வேறொருவர் பாத்தியில் கூலிக்குப் போகிறான். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. நல்லா ஓடுதுண்ணா, நீங்க மட்டும் பேட் மாத்தலன்னா அம்போன்னு நின்னிருக்கும் என்று எனக்கு நன்றி சொன்னான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.