கிணற்றில் கிடந்த பிணம்

தென்காசியில் நான் டைப் அடிக்கும் அச்சகத்துக்கு ஓர் அண்ணாச்சி வாரந்தோறும் கையில் நாலு தாளோடு வருவார். ஒல்லியான உடம்பு, ஒரு பக்கம் நூலால் கட்டிய கண்ணாடி. அவர் போடும் நோட்டீஸில் முன்பக்கம் தொடர்கதை. பின்பக்கம், ஊருக்குள் குவாரியின் கல் லாரி ஓடக்கூடாது என்ற கோரிக்கை. கதைக்காகத்தான் குற்றாலம் வரை டீக்கடைகளில் அதைப் படித்தார்கள். கதையில் ஒரு பிணம் கிணற்றில் கிடந்தது. அது யார் என்று அவர் சொல்லவே இல்லை.

ஒரு நாள் அவர் வந்திருந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. குவாரி ஆள் ஒருவன் உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். என் விரல்கள் நின்றுவிட்டன.

"அண்ணாச்சி, இனிமே இந்த நோட்டீஸ் வரக்கூடாது. மொதலாளி சொல்லிட்டாரு."

"சரி, நிப்பாட்டிருதேன்," என்று சொல்லி அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கதையும் அங்கனயே நின்னுரும்."

அவன் அவர் பக்கத்தில் வந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கெணத்துல கெடக்கது ஆரு?"

"அடுத்த வாரம் வரும், படிங்க."

அவன் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போனான். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நெசமாவே ஆருன்னு ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரிஞ்சா எழுதிருவேன் தங்கச்சி. எழுதிட்டா அவன் நம்மள விடுவானா?"

எட்டு மாதமாகிறது. லாரிகளும் ஓடுகின்றன, நோட்டீஸும் வருகிறது. அச்சான முதல் பிரதியை அந்தக் குவாரி ஆள்தான் வந்து வாங்கிப் போகிறான். ஒவ்வொரு வாரமும் கடைசி வரியை நான் முதலில் படித்துவிடுகிறேன். பிணம் யாரென்று தெரியாமல் கிணற்றிலேயே கிடந்தால்தான் டைப் அடிக்க என் கை ஓடுகிறது.