சிவசைலத்தின் நம்பர்

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை வாசலில் காவலுக்கு நிற்கும் அப்பாத்துரை ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர் என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஒரு நாளும் நின்று விசாரித்ததில்லை. தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை வந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று ஒரு வீரர் தேவைப்பட்டார். அவரை விழாவுக்கு அழைக்கத் தமிழாசிரியரான என்னை அனுப்பினார்கள்.

"பொன்னாடையெல்லாம் கெடக்கட்டும் சார்வாள். எம்பேருக்கு முந்தி சிவசைலம்னு ஒரு பேரை மைக்குல வாசிச்சிருங்க. அது போதும்."

சிவசைலம் அவரோடு படையில் இருந்தவர். எண்பத்தேழில் அமைதிப்படையோடு போன யாழ்ப்பாணத்தில் இவர் பக்கத்திலேயே குண்டடி பட்டுச் செத்தார். விடுதியில் வளர்ந்த அனாதை. உடல்கூட ஊர் வரவில்லை. மனைவியும் போய், பிள்ளையும் இல்லாத அப்பாத்துரை, பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டதே இல்லை. "வாசிக்கிறேன் அண்ணாச்சி," என்று வாக்குக் கொடுத்தேன்.

விழாவன்று மெடலைத் துடைத்துக் குத்திக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இலங்கைச் சண்டையா? அதெல்லாம் இப்ப எதுக்கு வே? நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். எடுத்திரும்." பையன்களை "சத்தமா வாசிலே" என்று பிரம்பெடுத்து விரட்டுகிற நான், அந்தப் பெயரை முழுங்கிவிட்டேன். நான் பொன்னாடை போர்த்தும்போது அப்பாத்துரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடையை விட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சீவலப்பேரிக்குப் பஸ் ஏறினேன். படித்துறையில் எனக்கு நாலு ஆள் தள்ளி அப்பாத்துரை உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அண்ணன் தம்பிகளாகக் கூட்டம். அவர் மட்டும் ஒற்றை.

"கோத்திரம்?" என்றார் ஐயர்.

"தெரியாது சாமி."

"அப்பா, தாத்தா பேரு?"

"அனாதைப் பய சாமி. பேரு சிவசைலம். நம்பர் தெரியும்." முதுகை நிமிர்த்தி, பட்டாள நம்பரின் ஏழு இலக்கத்தையும் அணிவகுப்பில் நிற்பவர் மாதிரி உரக்கச் சொன்னார். படித்துறையே திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். நாசமாய்ப் போகட்டும் அந்தச் சிரிப்பு.

ஐயர் சிரிக்கவில்லை. "கோத்திரம் தெரியாட்டா சிவகோத்திரம். எள்ளை எடும்," என்றார். எள்ளும் தண்ணீரும் இறங்க இறங்க, சிவசைலத்தின் பெயரை மூன்று தடவை சத்தமாகச் சொன்னார். அப்பாத்துரை அழுதார். முடிந்ததும் மஞ்சள் பையிலிருந்து, நான் போர்த்திய பொன்னாடையை மடிப்புக் கலையாமல் எடுத்து ஐயருக்குத் தானமாகக் கொடுத்தார்.

எழுந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். "அப்பாவுக்கா சார்வாள்?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். ஈரவேட்டியோடு பைய நடந்து பஸ்ஸுக்குப் போனார்.

என் முறை வந்தது. அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று பெயரும் சொன்னேன்.

"வேற யாரும் உண்டா?" என்றார் ஐயர்.

"சிவசைலம்," என்றேன், சத்தமாக.

கேட்க வேண்டியவர் அதற்குள் பஸ் ஏறிப் போயிருந்தார்.