அக்கா ஏன் மெட்ராஸ் போனார்

அக்காவின் ஓராண்டுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். வீட்டில் இத்தனை பேர் இருக்க நான் எதற்கு என்று கேட்டேன். "நீதானம்மா அவளோட அதிகமா சண்டை போட்டவ. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றார். நேரில் அக்காவை நான் 'வா, போ' என்றுதான் பேசினேன். அச்சில் மரியாதையாக வர வேண்டும் என்பதால் 'வந்தார், போனார்' என்று எழுதுகிறேன். மேலிருந்து படித்தால் சிரிப்பார்.

அக்கா நம் காரைக்காலில், பிரெஞ்சுக்காரர் இருந்த காலத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் பிறந்தார். எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு திரும்பியவர். பிள்ளைகளில் மூத்தவர் அக்கா, கடைசி நான். கன்னியர் பள்ளியில் அக்காவுக்குக் கணக்கு ஏறவில்லை, பூத்தையல் ஏறியது. பீடத்துக்கு விரிக்கும் துணிகளில் இன்றைக்கும் அக்கா போட்ட பூ இருக்கிறது, உள்ளே போனால் பாருங்கள். ஆனால் தைக்கும்போது தவிர வேறு எப்போதும் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவார். ஜெபமாலை நடக்கையிலேயே நடுவில் எழுந்து போய் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து அடுத்த மணியைப் பிடித்துக்கொள்வார்.

அத்தான் கோட்டுச்சேரிக்காரர். நகராட்சியில் எழுத்தர். பழைய ஆட்கள் இன்னும் 'மேரி' என்றுதான் அந்த ஆபீசைச் சொல்வார்கள். அக்கா பத்து வார்த்தை பேசினால் அத்தான் ஒன்று பேசுவார், அதுவும் யோசித்து. இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளை, செலின்.

செலினுக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள், காது போய்விட்டது. புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இனி வராது என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாராம். அக்கா அழவில்லை, வந்து இறங்கியதும் துணி துவைக்கப் போய்விட்டார்.

அதன்பிறகு நம் தெரு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டது. இதை நான் மறைக்கக் கூடாது. செலின் மத்தியானம் யார் வீட்டில் சாப்பிட்டாள் என்பது சாயங்காலம்தான் தெரியும். மீன்காரம்மாவுக்கும் அவளுக்கும் தனியாக ஒரு பாஷை. கோயில் என்றால் நெற்றியைத் தொட வேண்டும், ரொட்டிக் கடை என்றால் கன்னத்தை உப்ப வேண்டும். ஐந்து வயதில் அவள் தனியாகக் கடைத்தெரு வரை போவாள். வழியில் பத்துப் பேராவது கையைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

மாதா சபைத் தலைவியாக இருந்த சந்தனமேரி பெரியம்மா ஒரு நேர்த்தி எடுத்தார். ஏழு வருடம் கொடியேற்றத்துக்குப் பிள்ளையோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போவது, ஒவ்வொரு வருடமும் ஒரு ஜோடி வெள்ளிக் காது காணிக்கை போடுவது. தெருவே சேர்ந்து அந்தக் காதுகளை வாங்கியது. நாகூரைத் தாண்டும்போது செலினை ஆள் மாற்றி ஆள் தோளில் சுமப்பார்கள். நானும் சுமந்திருக்கிறேன், நல்ல கனம்.

நான்கு வருடம் நடந்தார்கள். எமர்ஜென்சி வந்த அந்த வருடம், தியானம் கொடுப்பதற்காக மெட்ராஸிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். கோயில் வாசலில் செலினைப் பார்த்துவிட்டு அக்காவிடம், காது கேளாத பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள், ஏழு வயதாகிவிட்டதா, இன்னும் தள்ளிப்போட்டால் சேர்க்க மாட்டார்கள் என்று சொன்னார். அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். "நீ ஒரு இடத்துல நில்லு, எனக்குத் தலை சுத்துது" என்று அம்மா சொன்னதற்கும் நிற்கவில்லை.

விஷயம் தெரிந்து சந்தனமேரி பெரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"இன்னும் மூணு வருஷம் இருக்குடி. மாதாகிட்ட சொன்ன சொல்லு. நடுவுல விட்டுட்டுப் போனா புள்ளைக்கு ஆகாது" என்றார் பெரியம்மா.

"மாதாவுக்கு நாலு ஜோடி காது குடுத்தாச்சு பெரியம்மா. எம் புள்ளைக்கு இன்னும் அ, ஆ தெரியல."

"கேக்காத புள்ளைக்கு அ, ஆ எதுக்குடி? நாங்கள்லாம் இல்லையா? பாத்துக்க மாட்டமா?"

"பாத்துப்பீங்க. எத்தனை நாளைக்கு இருப்பீங்க?"

பெரியம்மா முகம் அப்படியே சுருங்கிவிட்டது. கொண்டுவந்த வாழைப்பழத்தைக்கூடக் கையில் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனார். சாவைப் பற்றிப் பெரியவர்களிடம் அப்படிப் பேசலாமா என்று நான் அக்காவைப் பிடித்துக் கேட்டேன். "பின்ன யார்கிட்ட பேசறது?" என்றார். தெருவில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். நேர்த்தியை முறித்தவள் என்றார்கள், புருஷனை விட்டுவிட்டுப் போகிறாள் என்றார்கள். பங்குச் சாமியாரிடம் போனபோது அவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். புதுச்சேரி அரசாங்க வேலை மெட்ராஸுக்கு மாற்றலாகாது என்பதால் அத்தான் கூடப் போக முடியவில்லை. அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "போ. நான் மாசா மாசம் வர்றேன்." சொன்னபடி வந்தார்.

ராயபுரத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனம். ஒரு அறை, எட்டுக் குடும்பத்துக்கு ஒரு அடிபம்பு. துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அக்காவுக்குத் தையல் வேலை. பீடத்துணியில் பூப் போட்ட கை அங்கே நாளெல்லாம் காலர் தைத்தது. "பூசைக்குப் போனா பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருன்னே தெரியாது. சமாதானம் சொல்லும்போது கை கூப்புவாங்க. வாசல்ல பாத்தா யாரோ மாதிரி போவாங்க" என்று சொல்வார். அங்கே இருந்தால் இந்த ஊர்ப் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்தாலோ, மூன்றாம் நாள் பல் விளக்கும்போதே "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்பார். வந்தவரைச் சாப்பிட விடாமல் உறவெல்லாம் கூடி, எப்போது திரும்பி வரப்போகிறாய் என்று கேட்டால் அவரும் என்னதான் செய்வார்.

ஒரு விடுமுறைக்கு நான் ராயபுரம் போயிருந்தபோது செலினைக் காணவில்லை. அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். பிற்பகலில் தெரு வழியாக ஏதோ ஒரு கோயில் சப்பரம் போனது. நம் ஊர்ப் பழக்கத்தில் அவள் அதன் பின்னாலேயே போய்விட்டாள். இங்கே சப்பரத்தின் பின்னால் எவ்வளவு தூரம் போனாலும் யாராவது ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அங்கே சப்பரம் எங்கோ போய் நின்றது, கூட்டம் கலைந்தது, அவள் யார் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் அக்காவும் கடற்கரை வரை ஓடினோம். கூப்பிட்டால் கேட்காத பிள்ளையை எப்படித் தேடுவது சொல்லுங்கள். அக்கா செருப்பை எங்கோ விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினார். அந்த ஒரு சாயங்காலம் எனக்கு மெட்ராஸ் மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் கிடைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். ஏட்டு சொன்னார்: "பேரு கேட்டா பேசல. பேப்பர் குடுத்தேன், எழுதிக் காட்டிச்சு. செலின்னு எழுதிச்சு, அப்பா பேரு எழுதிச்சு. ஊருன்னு கேட்டு நான் எழுதினா காரைக்கால்னு எழுதுது. இங்க எந்தத் தெருன்னா முழிக்குது. காலையில காரைக்கால் பஸ்ல ஏத்தி அனுப்பலாம்னு இருந்தோம்மா."

வீட்டுக்கு வந்ததும் அக்கா பெட்டியை எடுத்துத் துணியை அள்ளிப் போட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், நானும் மடித்துக் கொடுத்தேன். பாதியில் அக்கா கை நின்றது.

"எழுதிச்சுன்னு சொன்னாருல்ல?"

"ஆமா, சொன்னாரு."

"ஊருல இருந்திருந்தா எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன். கெளம்பு, போவலாம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். போவல."

மடித்த துணியையெல்லாம் மறுபடி கொடியில் போட்டார். நான் கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

செலின் அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே சொல்லிக்கொடுத்த அச்சுக் கோக்கும் வேலையையும் கற்றுக்கொண்டு, ஓர் அச்சகத்தில் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி எடுத்து அனுப்பினாள். அத்தான் அதைக் கட்டிக்கொண்டு மேரி ஆபீசுக்குப் போய் எல்லோருக்கும் காட்டினாராம். அவ்வளவு பேசியது அவர் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் இருக்கும்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது அதற்குப் பிறகு. ஊருக்கு அழைத்து வந்தோம். தெரு முழுவதும் கஞ்சியும் ஜெபமாலையுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. அக்கா ஒரு மாதம்கூட அதைத் தாங்கவில்லை. "எல்லாரும் என்னைப் பாத்து அழுவுறாங்கடி, நான் இன்னும் சாவல" என்று சொல்லி மெட்ராஸுக்குத் திரும்பிப் போனார். அங்கே போனதும், "வாசல்ல ஒரு செருப்பு கெடக்குதா பாரு, எட்டிப் பாக்கக்கூட ஆள் இல்ல" என்றார். நான் என்னதான் செய்வது? உன்னை நடுவழியில் சிதம்பரத்தில்தான் வைக்க வேண்டும் என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ரொம்ப நேரம் சிரித்தார். அதுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை.

மெட்ராஸிலிருந்து வேன் வந்தபோது நம் தெரு கோட்டுச்சேரிச் சாலையிலேயே வந்து காத்திருந்தது. பேச்சை நிறுத்தியவர்களும் நின்றார்கள். அங்கிருந்து கல்லறை வரை அக்காவின் பெட்டி ஒரு நிமிடம்கூடத் தோள் இல்லாமல் இருக்கவில்லை. மண் போட்டு முடித்து எல்லோரும் நகர்ந்த பிறகு சந்தனமேரி பெரியம்மா என் கையைப் பிடித்தார். "மிச்ச மூணு வருஷமும் நான் நடந்துட்டேன்டி. காதும் போட்டேன். அவகிட்ட சொல்லல, சொன்னா சண்டைக்கு வருவா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அவரைக் கட்டிக்கொண்டுதான் அழுதேன். இந்த ஊரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் என்னால் தாங்க முடியாது. செலினை இங்கேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலும் தாங்க முடியவில்லை. இந்த ஒரு வருடமாக இப்படித்தான் இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவை நம் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்த வேன் டிரைவருக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணைக்கு இருந்த தையல் கம்பெனிப் பெண்களுக்கும் நன்றி. அவர்கள் யாரும் நம் கோயிலைச் சேர்ந்தவர்கள் இல்லை, ஆனாலும் வந்தார்கள். பங்குச் சாமியாருக்கும், மாதா சபைக்கும், பாடற்குழுவுக்கும், எழுபது வயதில் முழங்கால் வலியோடு நடந்த பெரியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் என்னைத் திட்டலாம், வீட்டில்தான் இருப்பேன்.

இன்னும் ஒன்று. இன்று சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கூடி, செலினை ஊருக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று பேசப்போகிறீர்கள். எனக்குத் தெரியும், என் காதுக்கும் வந்தது. நல்ல மனத்தோடுதான் சொல்கிறீர்கள். ஒரு நாள் பார்த்தால் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, மறுநாள் படுவதில்லை. ஆனால் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு அவள் தலைக்கு மேலே பேசாதீர்கள். எழுதிக் கேளுங்கள். பதில் எழுதுவாள்.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த மலரையே அவள்தான் கோத்தாள். அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில், அம்மாவைப் பற்றி நான் எழுதியதை எழுத்து எழுத்தாக எடுத்து அடுக்கினாள். நான் முதலில் கொடுத்த தாளில், மெட்ராஸில் அக்கா கடைசிவரை தனியாகத்தான் இருந்தார் என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அவள் கோக்கவில்லை. ஏன் விட்டுவிட்டாய் என்று எழுதிக் கேட்டேன். பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, கீழே எழுதினாள்:

"சின்னம்மா, நான் இருந்தேன்."