பல்புப் பிறை

தாஜ் முகம்மதுவின் கண்ணைப் பற்றிப் பத்தமடையில் யாரும் குறை சொன்னதில்லை. முப்பது வருஷமாக மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற மனுஷர். மயிரளவு செப்புக் கம்பியில் பூச்சு உரிந்த இடத்தை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். நோன்பு இருபத்தொன்பதில், மறுநாள் பெருநாளா என்று பிறை பார்க்கப் பள்ளிவாசல் மொட்டைமாடிக்கு அவரைத்தான் முதலில் ஏற்றுவார்கள்.

போன வருஷம் கடைத்தெருவின் மேற்கு முக்கில் உயரக் கம்பத்து விளக்கு வந்தது. ராத்திரியைப் பட்டப்பகலாக்குகிற விளக்கு. அந்த வெளிச்சத்துக்கு மேலே பிறையைக் கண்டதாக அவர் அடித்துச் சொன்னார். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை. ஊர் முப்பதாவது நோன்பும் வைத்தது. அவருடைய தங்கச்சி மாப்பிள்ளை யஹ்யா, ஜவுளிக்கடைக்காரன், "மச்சான் பல்பைப் பாத்துட்டாரு வே" என்றான். அவ்வளவுதான், 'பல்புப் பிறை' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பொல்லாத ஊர்!

மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பச் சொல்லி ஒரு வருஷம் பேரூராட்சி ஆபீசுக்கு மனுவும் கையுமாக அலைந்தார். கிடைத்தது, பிறை பார்க்கும் அன்று பதினைந்து நிமிஷம் அணைக்க அனுமதி.

இந்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, அந்தி மஃரிப் தொழுது, ஐம்பது பேர் மாடியேறினார்கள். கீழே விளக்குப் பெட்டியைத் திறந்தபடி எலெக்ட்ரீசியன் முத்துமாலை நின்றார்.

"யாவார நேரம். இருட்டுல எவனாவது விழுந்தா நீரு பதில் சொல்லுவீரா?" என்று மாடியில் யஹ்யா மல்லுக்கு நின்றான்.

"சொல்லுதேன் வே. செத்த நேரம் சும்மா இரும்." தாஜ் முகம்மது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குனிந்தார். "முத்துமாலை, அமத்தும்!"

விளக்கு அணைந்தது. கடைத்தெருவில் கூச்சல் எழுந்தது. மலைக்கு மேலே வானம் தெளிந்தது. அவர் கண்ணை இடுக்கினார். ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. யா அல்லா, இன்னைக்கும் என்னைக் கேவலப்படுத்தாதே.

"அந்தா, அங்கன!" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான்.

பத்துக் கைகள் நீண்டன. 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது. யஹ்யா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான், கண் கலங்கியிருந்தது.

"மச்சான், போன வருஷமும் நீரு பாத்தது நெசந்தான். வெளக்குதான் எங்க கண்ணை மறைச்சுட்டு. மன்னிச்சிரும். மொத சாட்சி நீருதான் சொல்லணும்."

இமாம் அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். தாஜ் முகம்மது மறுபடி மேற்கே பார்த்தார். எல்லார் விரலும் காட்டிய இடத்தில் வெறும் வானம்தான் இருந்தது. கண்டேன் என்றால் ஒருவனும் சந்தேகப்படமாட்டான். ஒரு வருஷத்து அவமானம் ஒரே சொல்லில் தீர்ந்துபோகும்.

"எனக்குத் தெரியல, ஹஜ்ரத்." அவர் ஓரமாக நகர்ந்து வழிவிட்டார். "பாத்தவங்க சொல்லட்டும். போன வருஷம் நான் பாத்தது என்னதுன்னும் இப்பம் எனக்குத் தெரியல."