பூஜையில் இருந்த கிளாம்ப்

கார்களைத் தரையோடு தரையாக இறக்குவதில் என் மாமா கெட்டிக்காரர். பந்தயத்துக்கு முன்னால் பெங்களூர்ப் பணக்காரப் பிள்ளைகள் தங்கள் ஸ்போர்ட்ஸ் காரை மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகைக்குத்தான் ஓட்டி வருவார்கள். நீளமான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போட்டால் கார் தாழ்ந்து, வளைவில் சாயாமல் போகும் என்பார் மாமா. நல்ல காரை எதற்குக் குள்ளமாக்குகிறார்கள் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது தம்பியின் அந்த வேலையால்தான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மா கொட்டகைச் சாமான்களையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சரஸ்வதி படத்தின் முன் அடுக்கியிருந்தாள். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, அமுங்கிய ஸ்பிரிங் எகிறாமல் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப். மறுநாள் காலைவரை யாரும் எதையும் தொடக் கூடாது. என் கணக்குப் புத்தகமும் அங்கேதான் இருந்தது. அதனாலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பண்டிகை அது.

பூஜை முடிந்த கையோடு ஓர் எஸ்டேட் முதலாளியின் மகன் சிவப்புக் காருடன் வந்து நின்றான். மறுநாள் காலை விமானத் திடலில் பந்தயம். குட்டை ஸ்பிரிங் பம்பாயிலிருந்து அன்றுதான் வந்து சேர்ந்ததாம். மாமாவால் தட்ட முடியவில்லை. கிளாம்பை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார்.

"காலையில நானே எடுத்துத் தர்றேன். இன்னிக்கி அதுல கை வெக்காதடா," என்றாள் அம்மா.

மாமா கிளாம்பை விட்டுவிட்டுக் காரிடம் போனார். காரிலேயே ஒரு ஸ்பானரும் ஜாக்கியும் இருந்தன. கிளாம்புக்குப் பதிலாக ஸ்பிரிங்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கழற்றத் தொடங்கினார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். கயிறு அறுந்தது எனக்குத் தெரியாது. ஸ்பிரிங் தகரத்தில் மோதிய சத்தம்தான் கேட்டது. திரும்பினால், மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கண் போய்விட்டது. கட்டுப் போட்ட முகத்தோடு அவர் அம்மாவிடம் முதலில் சொன்னது இதுதான்.

"அக்கா, பூஜையில இருந்த எதையும் நான் தொடல."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

பூஜை நாளில் வேலை செய்ததால் வந்த சாமி குத்தம் என்றே அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். நானும் நம்பினேன். சரஸ்வதி இவ்வளவு கோபக்காரியா என்று பயந்துபோய் அந்த வருஷம் ஒழுங்காகப் படித்தேன். மாமா ஒற்றைக் கண்ணோடு வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அம்மா எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினாள். கிளாம்ப் மட்டும் கொட்டகைப் பலகைமேல் கிடந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்து, நான் அதைத் தூக்கி வந்து படத்தின் முன் வைத்து, பொட்டு வைக்கக் குங்குமத்தில் விரலைத் தோய்த்தேன். அம்மா பளாரென்று அறைந்தாள். கிளாம்பைப் பிடுங்கிக்கொண்டு போய், மாமாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று அழுதாள்.

சாமிக்கு வைத்ததற்கு யாராவது அடிப்பார்களா என்ற கோபத்தில், அன்று முழுக்க நான் பொரியைத் தொடவில்லை.