கொட்டகைக்குப் பின்னால் ருசா பிளந்த விறகு

ருசாவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், விறகு பிளப்பதைப் பற்றி மட்டும் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுப்பில் வைத்த பீன்ஸ் சூப் அடிப்பிடிக்கும்வரை விடமாட்டாள். அவள் அப்பா மலைக்கு அந்தப் பக்கம் கல்லுடைத்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது போர்வை, தலையணைகளோடு இரண்டு இரும்பு ஆப்புகளையும் ஒரு சம்மட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவள் அவள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை மின்கோ கோடாரிக்காரன். பீச் மரத்தை அறுத்த பெரிய உருளைத் துண்டு, அதாவது முட்டு ஒன்றை நிறுத்தி, நடுவில் கை வைக்காமல், ஓரத்திலிருந்து ரொட்டி அறுப்பதுபோலச் சீவிக்கொண்டே வருவான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை ருசா அவனிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"நேரான மரத்துல யாரு வேணா கோடாரி போடலாம்," என்பாள். "கணு உள்ள ஓக்கு முட்டுல போட்டுப் பாரு. கவ்விக்கிட்டு விடாது. அப்புறம் கோடாரியோட மரத்தையும் சேத்துத் தூக்கிக் கவுத்து அடிக்கணும். யாரு இடுப்பு ஒடியும்? அதுவே ஆப்புன்னா, காய்ஞ்ச வெடிப்பு எங்க இருக்குன்னு பாத்து, மெதுவா ரெண்டு தட்டு, அப்புறம் நாலு போடு. மரம் தானா வாயத் தொறக்கும்."

"அது விறகு பிளக்கிறதாடி? கோயில் மணி அடிக்கிற வேலை. டிங் டிங்னு ஊரையே கூட்டிக்கிட்டு," என்பான் மின்கோ.

மகளும் மருமகனும் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கோடையில், நகரத்துக் கடையிலிருந்து மூன்றாவதாக ஒன்றையும் வாங்கி வந்தார்கள். முன்பக்கம் கோடாரி, பின்பக்கம் சம்மட்டி, சரியான கனம். தூக்கிவிட்டால் போதும், அதுவே விழுந்து பிளந்துவிடும் என்றான் மருமகன். தூக்குவது யார் என்று கேட்டான் மின்கோ. ருசாவும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நின்றது அந்தச் சம்மட்டிக் கோடாரி விஷயத்தில் மட்டும்தான். அது கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது.

போன வசந்தத்தில் நகரத்து டாக்டர் மின்கோவின் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, ரொட்டிக் கூடையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்று சொன்னார். திரும்பி வீட்டு வாசல் வந்ததும் மின்கோ ருசாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஊருக்குத் தெரிய வேணாம் ருசா. நான் போனப்புறம் தெரிஞ்சுக்கட்டும்."

"நோய் வந்தா வந்ததுதான். இதுல என்ன வெட்கம்?"

"உனக்குப் புரியாது. நாளைக்கே என் முன்னாடி குரல இறக்கிப் பேசுவானுங்க. உக்காருன்னு நாற்காலியத் தூக்கிப் போடுவானுங்க."

விறகு லாரி வந்து வாசலில் கொட்டிவிட்டுப் போனது. அறுப்புக்காரன் வந்து முட்டு முட்டாக அறுத்துத் தள்ளிவிட்டுப் போனான். குளிர் தொடங்கும் புனித திமித்ரி நாளுக்குள் விறகு பிளந்து அடுக்கியாக வேண்டும். அடுக்காத வீட்டைக் கடந்து போகிறவர்கள், உள்ளே ஆண்பிள்ளை இருக்கிறானா என்று சத்தமாகவே கேட்டுவிட்டுப் போவார்கள். வாய்க்குப் பூட்டுப் போடாத ஊர் அது.

ருசா ஒவ்வொரு முட்டாகக் கொட்டகைக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனாள். அங்கே யார் கண்ணிலும் படாது. ஆனால் ஆப்பை வைத்து முதல் அடி அடித்ததும் மின்கோ வெளிறிப்போய் ஓடி வந்தான். இரும்பில் இரும்பு பட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். மின்கோ வீட்டில் ஆப்புச் சத்தம் கேட்டால் அடிப்பது யார் என்று தெரியாத ஆள் ஊரிலேயே இல்லை.

கோடாரியை எடுத்துப் பார்த்தாள். அவள் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியபடியே முதல் கணுவிலேயே கவ்விக்கொண்டது. கடைசியில் அந்தச் சனியன் பிடித்த சம்மட்டிக் கோடாரியைத் துருவைத் தேய்த்து எடுத்தாள். அதன் சத்தம் தொப்பென்று மரத்துக்குள்ளேயே அடங்கியது. கண்ணை மூடிக் கேட்டால் மின்கோவின் கோடாரிதான்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க அவள் அதைத் தூக்கினாள். அது தானாக விழுந்தது உண்மைதான். தூக்கிய மணிக்கட்டு உருளைக்கிழங்குபோல வீங்கியது. மின்கோவின் பாடு இன்னும் கேலிக்கூத்து. அவள் பிளக்கிற நேரமெல்லாம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அடுக்களையில் ஒளிந்திருப்பான். சத்தம் நின்றதும் வெளியே வந்து, தொப்பியிலும் தோளிலும் மரத்தூளை அள்ளித் தூவிக்கொண்டு, நெற்றியைத் துடைத்தபடி மதுக்கடைக்குப் போவான். முதல் நாள் அவன் தூவிக்கொண்டதைப் பார்த்து ருசா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு சம்மட்டிக் கோடாரியைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதாள்.

"பக்கத்து வீட்டு கஞ்சோ என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஒருநாள் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். "மின்கோ அண்ணே, உன் அடி போன வருஷத்தவிட இந்த வருஷம் கனமா விழுதேங்கிறான்."

"விழாம? சோறு போடுறது நானாச்சே," என்றாள். அவன் சிரிக்கிறானே, அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

திமித்ரி நாளுக்கு முந்தின சனிக்கிழமை காலை, கஞ்சோ வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டான். கோயில் அடுப்புக்கு ஊர் சேர்ந்து விறகு பிளக்கிற நாள் அது. வீட்டுக்கு ஒரு ஆண், தன் கோடாரியோடு போக வேண்டும்.

"மதினி, அண்ணன எழுப்பு. இந்தத் தடவை ஒரு ஓக்கு அடிமுட்டு வந்திருக்கு பாரு, அது மரமா காளை மாடான்னே தெரியலே. சும்மா கணுவும் முறுக்கும். யாரும் தொடாதீங்கடா, அது மின்கோ அண்ணனுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கோம்."

சொல்லிவிடலாம். இந்த இடத்தில், இந்த வேலியோரத்தில், இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். ருசா வாயைத் திறந்தாள்.

"இதோ வந்துட்டேன்டா," என்று பின்னாலிருந்து மின்கோவின் குரல் கேட்டது. பூட்ஸை மாட்டிக்கொண்டே வந்தான்.

கொட்டகைக்குள் அவன் கோடாரியை எடுக்கும்போது அவள் கையைப் பிடித்தாள்.

"பல் வலி, காய்ச்சல்னு ஏதாவது சொல்லு. நான் போய்ச் சொல்றேன்."

"கோடாரிச் சத்தத்த தினமும் கேட்டிருக்கானுங்க ருசா. நேத்து சாயங்காலம்கூட கேட்டிருக்கானுங்க. இன்னைக்குக் காய்ச்சல்னா எவன் நம்புவான்?"

"அப்ப ஆப்பையாவது எடுத்துட்டுப் போ. மெதுவாத் தட்டிக்கிட்டு இரு. உன் கால்ல விழறேன்."

"அத்தன பேரு முன்னாடி மணி அடிக்கச் சொல்றியா?" என்று அவள் கன்னத்தைத் தட்டினான். "ஓரத்துல நாலு சீவல் சீவிட்டு இடுப்புப் பிடிச்சிருச்சுன்னு உக்காந்துருவேன். பயப்படாத."

கோயில் மேட்டிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. பத்துப் பதினைந்து கோடாரிகள் ஒரே நேரத்தில் விழுந்தாலும் அவன் கோடாரி எது என்று அவளுக்குத் தெரியும். முற்றத்தில் நின்று கேட்டாள். விழுந்தது. இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டாள். மறுபடி விழுந்தது. அடுத்ததற்குச் சற்று நேரமானது, ஆனாலும் விழுந்தது. நாலு சீவல் சொன்னவன் அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். 'போதும், உக்காரு' என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகு அவன் சத்தம் மட்டும் இல்லை. மற்ற கோடாரிகள் விழுந்துகொண்டே இருந்தன.

சொன்னபடி உட்கார்ந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். கஞ்சோவும் அப்படித்தான் நினைத்து ஒரு கிளாஸ் ரக்கியா சாராயத்தை எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, புடி," என்று நீட்டியிருக்கிறான். மின்கோ தொப்பியைக் கையில் பிடித்தபடி முட்டில் சாய்ந்திருந்தான். கிளாஸை வாங்கவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. இறந்தவர் பேரில் கொடுக்கும் வேகவைத்த கோதுமையைக் கையில் வாங்கிக்கொண்டு ஆண்கள் முற்றத்தில் நின்றார்கள். ருசா அழுது ஓய்ந்து கதவோரம் உட்கார்ந்திருந்தாள். ஆப்பை வைத்து டிங் டிங்கென்று அடித்திருக்கலாம். ஊர் சிரித்திருக்கும். குரலை இறக்கிப் பேசியிருப்பார்கள், நாற்காலியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். போட்டால் என்ன, அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருப்பான். ஊரை நம்பவைத்தது அவள் கை. தன் கையே அவனைக் கொன்றதாக நினைத்து அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஞ்சோ கொட்டகைச் சுவரோரம் கூரை முட்ட அடுக்கியிருந்த விறகைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"நான் வந்து கூப்பிட்டிருக்கக் கூடாது மதினி. இவ்வளவு பிளந்து களைச்சுப்போன மனுஷன். ஆனா எங்களுக்கு எப்படித் தெரியும், தினமும் சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்."

"உன் மேல தப்பில்லடா. எழுந்திரு."

"எல்லாத்தையும் ஒத்தை ஆளாப் பிளந்து அடுக்கி வச்சுட்டுப் போயிருக்காரே. குளிருக்கு உனக்கு ஒரு குறையும் வைக்கலியே."

ருசா வீங்கிய மணிக்கட்டை முன்துணிக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஆமாடா," என்றாள். "ஒரு துண்டைக்கூட அவரு என்னைத் தொட விடல."