அண்ணன் பொரித்த வான்கோழி

எங்கள் அண்ணன் இந்த நினைவு மலரைப் பார்த்திருந்தால், "வந்தவங்க எல்லாருக்கும் பத்துமாம்மா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவர். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி இழுப்பார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று. அம்மாவும் நெடுநாள் இருக்கவில்லை. சிறுமியான என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சமையல் கற்றார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்ததும், ஒரு கம்பெனியின் விருந்தினர் விடுதியில் சமையற்காரரானார். தங்கைக்கு நல்ல இடம் அமையும்வரை தன் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்த இடம்தான் அமையவில்லை. சம்பந்தம் பிடித்தால் மட்டுமே பெண் வீட்டில் கை நனைப்பது எங்கள் வழக்கம். என்னைப் பார்க்க முதலில் வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடவில்லை. "வெள்ளைக்காரன் எச்சில் தின்ற வூடு" என்று வாசலிலேயே பேசிக்கொண்டு போனார்கள். அண்ணன் அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவே இல்லை.

எழுபதுகளின் கடைசியில், ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பழவேற்காட்டிலிருந்து ஆள் வந்தார். காற்று ஏறிவிட்டதால் மீன்பிடிக்கப் படகு போகவில்லையாம். வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வர இருந்த இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே வருகிறார்களாம். கேசரிக்கு ரவை இருந்தது. காரத்துக்கு ஒன்றுமில்லை, கடை சாத்தியிருந்தது. முதல் நாள் விருந்தில் கத்தியே படாமல் மீந்த ஒரு வான்கோழியை மேலாளர் அண்ணனிடம் கொடுத்திருந்தார். காரம் செய்ய அது மட்டும்தான் வீட்டில் இருந்தது.

"நல்ல காரியத்துக்குக் கவிச்சியாண்ணா?" என்றேன்.

"நம்ம ஆளுங்களுக்குக் கவிச்சி இன்னா புதுசா? நீ பொறையை இடிம்மா."

கறியைப் பொடியாகக் கொத்தினார். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலூற்றிக் கெட்டியாகக் கிளறி, கறியும் வெங்காயமும் மிளகும் சேர்த்தார். இதற்குக் குரோக்கெட் என்று பெயர். விடுதியில் ஆறவைக்க ஐஸ் பெட்டி இருந்தது. இங்கே பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஆறிவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரல் நீளத்துக்கு உருட்டி, முட்டையில் தோய்த்து, இடித்த பொறை ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் விட்டார். முதல் உருண்டை வெடித்துச் சிதறியது. அண்ணன் முகம் செத்துப்போயிற்று. மற்றவற்றை இரண்டாம் முறையும் முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டினார். அவை பொன்னிறமாக, மொறுமொறுவென்று வந்தன. வாசலில் மாட்டுவண்டிச் சத்தமும் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, "இன்னா தம்பி இது, வடையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாதா என்று கதவுக்குப் பின்னால் நான் தவித்தேன்.

அண்ணன் கையைப் பிசைந்தார். "இல்லம்மா, வான்கோழி. நேத்து கம்பெனி விருந்துல மீந்தது. மிச்சம்தாம்மா, எச்சில் இல்ல. சொல்லாம குடுக்க மனசு வரல."

அந்த அம்மா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டை எடுத்து வைக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் அண்ணன் நின்றார்.

"எங்க ஊட்ல நேத்து வச்ச மீன் கொழம்புதான் இன்னிக்கு நாஷ்டா. மிச்சம் இல்லாத ஊடு இன்னா ஊடு?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஒரு கடி கடித்தார். அது நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. "தண்ணி குடு தம்பி, கை கழுவணும். இன்னும் ரெண்டு வையி."

அண்ணன் அடுப்படிக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதார். என் மாமியார் கடைசிவரை அவரை 'மிச்சம் வைக்கிற தம்பி' என்றே கூப்பிட்டார்.

அதன்பின் அண்ணன் தானும் மணம் முடித்து, பிள்ளைகளைக் கரையேற்றினார். மருத்துவமனைக் கட்டிலில்கூடப் பார்க்க வந்தவர்களிடம், "சாப்ட்டியா?" என்பதே அவர் கேள்வி. இரவும் பகலும் உடனிருந்த அண்ணிக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அவரோடு அடுப்படியில் நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்றைய படையலில் குரோக்கெட்டும் உண்டு. நான்தான் பொரித்தேன், முதல் உருண்டை வெடித்துவிட்டது. மலரை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். எல்லோரும் கை நனைத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அண்ணன் தூங்க மாட்டார்.